'பாஸே' என்ற சொல்லும் உம்மம்மாவின் கந்தோரும்



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து, இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற தவணையில் தரம் 10 பிள்ளைகளுக்கு ஓர் ஆங்கிலக் கட்டுரை கொடுத்தோம். 'எங்கள் வீட்டில் மாறிப்போனவை' என்பது தலைப்பு. கொப்பிகளைத் திருத்த எடுத்தால் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே பட்டியல். கேசட், சுவரில் மாட்டிய டெலிபோன், அம்மி, மண்ணெண்ணெய் அடுப்பு, பெருநாளைக்கு வரும் வாழ்த்து அட்டை. எல்லோரும் 'ஓல்ட்' என்று எழுதியிருந்தார்கள். சிலர் 'அவுட் ஒஃப் டேட்' என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் 'பாஸே' என்று எழுதியிருந்தாள். 'லெட்டர் ரைட்டிங் இஸ் பாஸே', 'கேசட்ஸ் ஆர் பாஸே' என்று சரளமாக வந்த கட்டுரையின் கடைசிப் பந்தி இப்படி இருந்தது: 'மை க்ரான்ட்மதர்ஸ் தமிழ் இஸ் பாஸே டூ. ஷீ ஸ்டில் ஸேய்ஸ் கந்தோர்.'

உம்மம்மாவின் தமிழ் காலம் கடந்துவிட்டதாம். அவர் இன்னமும் 'கந்தோர்' என்கிறாராம்.

அந்த வசனத்தில் இலக்கணப் பிழை கிடையாது. சொல்லும் பொருத்தமான இடத்தில்தான் இருக்கிறது. பரீட்சைத் தாளாக இருந்தால் முழுப் புள்ளி கொடுத்திருப்போம். ஆனாலும் சிவப்புப் பேனை அந்த இடத்தில் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வது என்று அன்றிரவு யோசித்ததில் கிடைத்தவைதான் இந்தப் பதிவு. அவளுக்கு வகுப்பில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறோம்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம்.

'பாஸே' பிரெஞ்சுச் சொல். கடத்தல், கடந்து போதல் என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. 'கடந்துபோன' என்பது அதன் நேர்ப்பொருள். அந்த வினையின் உறவுக்காரர்களை நமக்கு நன்றாகத் தெரியும். பிள்ளை சோதனையில் 'பாஸ்' பண்ணுவதும், பஸ்ஸுக்கு 'சீசன் பாஸ்' எடுப்பதும், உம்ராவுக்குப் போகப் 'பாஸ்போர்ட்' செய்வதும் எல்லாம் அதே குடும்பம். எழுதும்போது கடைசி எழுத்தின் தலையில் ஒரு சிறு சாய்கோடு போடுவார்கள். ஆங்கிலத்தின் சொந்தச் சொற்களுக்கு அப்படிக் கோடு கிடையாது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலத்துக்குள் இருந்தும், தான் வெளியூர்க்காரன் என்று காட்டிக்கொண்டே இருக்கிற சொல் அது.

பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குள் இயல்பாக இளக்காரம் எதுவும் இல்லை. பிரெஞ்சு இலக்கணத்தில் இறந்தகாலத்தின் பெயரே 'பாஸே'தான். நம்முடைய பிள்ளைகள் 'வந்தான், போனான்' என்று படிப்பதை அங்கே 'பாஸே' என்று படிக்கிறார்கள். நேற்று நடந்ததெல்லாம் பாஸே. அவ்வளவுதான்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது கடல் கடந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது குணம் மாறியது. ஆங்கிலத்தில் அதை முதன்முதலில் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தால் நமக்கே ஒரு மாதிரியாக இருக்கும். பெண்களைச் சொல்லத்தான் பயன்படுத்தினார்கள். அழகின் காலம் கழிந்த பெண் என்ற பொருளில். விருந்து மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு, அங்கே வந்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி, அவளுக்குக் கேட்காமல் சொல்லப்பட்ட சொல். அதற்குப் பிறகுதான் உடை, தொப்பி, பாட்டு, கருத்து என்று பொருட்களுக்கும் பழக்கங்களுக்கும் பரவியது.

இதை வகுப்பில் சொன்னபோது சத்தம் அடங்கியது. முதலில் வயது போன பெண்ணுக்குச் சொன்ன சொல், சுற்றி வந்து மறுபடியும் ஓர் உம்மம்மாவின் மேல் விழுந்திருக்கிறது.

அடுத்து ஒரு பிள்ளை கேட்ட கேள்வி நல்ல கேள்வி. 'டீச்சர், இங்கிலிஷில் ஓல்ட் என்ற சொல் இருக்கும்போது ஏன் பிரெஞ்சில் போய் எடுத்தார்கள்?'

அதற்கு 1066க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு பிரான்சின் நோர்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அதன் பிறகு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுதான் பெரிய மொழி. வயலிலும் தொழுவத்திலும் ஆங்கிலம். அந்தக் காலத்தின் தழும்பு இன்றைக்கும் சொற்களில் இருக்கிறது. உயிரோடு மேயும் செம்மறிக்கு 'ஷீப்' என்ற பழைய ஆங்கிலப் பெயர். வெட்டிச் சமைத்து மேசைக்கு வந்ததும் 'மட்டன்'. அது பிரெஞ்சு. மேய்த்தவனின் சொல் வேறு, தின்றவனின் சொல் வேறு. நாம் ஹோட்டலில் 'மட்டன் புரியாணி' கேட்கும்போது அந்தப் பிரெஞ்சுப் பிரபுவின் சொல்லைத்தான் சொல்கிறோம்.

1362இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. மக்களுக்குப் பிரெஞ்சு விளங்குவதில்லை, ஆகவே இனி வழக்குகளை ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று. அந்தச் சட்டத்தை எந்த மொழியில் எழுதினார்கள் தெரியுமா? பிரெஞ்சில்! இதைச் சொன்னதும் பிள்ளைகள் சிரித்தார்கள். நம் நாட்டு மொழிப் பிரச்சினைகளைக் கண்டவர்களுக்கு அவ்வளவு சிரிப்பு வராது.

பிறகு ஆங்கிலம் தலை நிமிர்ந்தது. ஆனால் 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சு வேறொரு வாசலால் திரும்பி வந்தது. இம்முறை நாகரிகத்தின் மொழியாக. உடை, சமையல், நடனம், பேச்சு எல்லாவற்றுக்கும் பாரிஸைப் பார்த்தார்கள். 'பெஷன்' என்ற சொல்லே பழைய பிரெஞ்சிலிருந்து வந்ததுதான். எது புதுசு என்று சொல்லும் அதிகாரம் பிரெஞ்சிடம் இருந்தபோது, எது பழசு என்று சொல்லும் அதிகாரமும் அதனிடமே போனது. ஆகவே ஓர் ஆங்கிலேயர் 'ஓல்ட்' என்று சொன்னால் அது பொருளின் வயது. 'பாஸே' என்று சொன்னால் பொருளைப் பற்றி ஒரு செய்தி, சொல்பவரைப் பற்றி இன்னொரு செய்தி. 'நான் பின்தங்கியவன் அல்ல, பார்த்துக்கொள்ளுங்கள்' என்பது அந்த இரண்டாவது செய்தி.

பிள்ளைகளுக்கு உதவும் என்பதால் பயன்பாட்டையும் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் பழசுக்குப் பல சொற்கள் உண்டு. எல்லாம் ஒன்றல்ல. ஒரு இயந்திரத்துக்குப் பதிலாக வேறொன்று வந்து, அதைச் செய்வதையே நிறுத்திவிட்டால் அது 'ஒப்ஸலீட்'. லத்தீனிலிருந்து வந்த சொல். பால்பெட்டியும் மருந்தும் 'எக்ஸ்பயர்ட்'. வயதினாலேயே பெறுமதி கூடிய கடிகாரம் 'அன்டீக்'. ரசனையும் வழக்கமும் மாறியதால் மவுசு போனது மட்டும்தான் 'பாஸே'. பெரும்பாலும் 'இஸ்', 'பிகேம்' போன்றவற்றுக்குப் பின்னால் வரும். பழுதான ஃப்ரிட்ஜைப் பாஸே என்று எழுதினால் பிழை. இடுப்பில் அகலமான பெல்ட் கட்டும் பழக்கத்தைப் பாஸே என்று எழுதினால் சரி.

தமிழிலும் நமக்கு அந்த வேறுபாடுகள் உண்டு. மாத்திரைப் பெட்டியில் இருப்பது 'காலாவதித் திகதி'. காலம், அவதி என்ற இரு வடசொற்கள் சேர்ந்தது. காலத்தின் எல்லை என்று பொருள். யாரும் பேசாத சொல் 'வழக்கொழிந்தது'. மிகப் பழையதாகி மதிப்புப் பெற்றது 'தொன்மையானது'. 'பாஸே'யின் அந்த மூக்குச் சுளிப்பு மட்டும் வேண்டுமென்றால் நம் பிள்ளைகள் 'அது ஓல்ட் பெஷன்' என்று ஆங்கிலத்துக்குப் போகிறார்கள். ஆங்கிலேயர் மூக்கைச் சுளிக்கப் பிரெஞ்சிடம் போனார்கள். நாம் மூக்கைச் சுளிக்க ஆங்கிலத்திடம் போகிறோம். வழி ஒன்றுதான்.

இனி உம்மம்மாவின் கந்தோருக்கு வருவோம். இந்தப் பதிவை எழுதத் தூண்டியது உண்மையில் இந்த இடம்தான்.

'கந்தோர்' என்றால் அலுவலகம். இளம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். நாம் சின்னவர்களாக இருந்த காலத்தில் பெரியவர்கள் 'தபால் கந்தோர்' என்றுதான் சொல்வார்கள். சிங்களத்தில் 'கந்தோருவ' என்பார்கள். இது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். ஒல்லாந்தர் 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்து, 1796இல் ஆங்கிலேயரிடம் கொடுக்கும் வரை 140 ஆண்டுகள் இங்கே இருந்தார்கள். அவர்களுடைய மொழியில் அலுவலகத்துக்கு 'கந்தோர்'தான் பெயர். இன்றைக்கும் நெதர்லாந்தில் ஏறக்குறைய அதே உச்சரிப்பில் சொல்கிறார்கள்.

ஒல்லாந்தருக்கு அந்தச் சொல் எங்கிருந்து கிடைத்தது? பிரெஞ்சிலிருந்து! பிரெஞ்சில் 'கொம்துவார்' என்று ஒரு சொல் உண்டு. காசு எண்ணும் மேசை என்பது அதன் முதற்பொருள். பிறகு வியாபாரிகள் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் இடம், பிறகு கடல் கடந்த வணிக நிலையம் என்று விரிந்தது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்து ஊர்களையும் பிரெஞ்சுக்காரர் தங்கள் இந்தியக் 'கொம்துவார்'கள் என்றே சொன்னார்கள். நம் முன்னோர் பலர் வந்துபோன காரைக்காலும் ஒரு கந்தோர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சொல்லின் வேர் கணக்கிடுதல் என்று பொருள்படும் லத்தீன் வினை. அதே வேரிலிருந்து ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் வந்தன. ஒன்று, வங்கியில் நாம் வரிசையில் நிற்கிற 'கவுண்டர்'. மற்றது 'கம்பியூட்டர்'.

இப்போது அந்தப் பிள்ளையின் வசனத்தை மறுபடியும் வாசியுங்கள். உம்மம்மாவின் கந்தோரைக் கேலி செய்ய அவள் எடுத்த சொல் பிரெஞ்சு. கேலிக்கு ஆளான சொல்லும் பிரெஞ்சு. கட்டுரையின் முதல் பந்தியில் புதுமைக்கு உதாரணமாக அவள் எழுதியிருந்த கம்பியூட்டர், கந்தோரின் ஒன்றுவிட்ட சகோதரம். உம்மம்மா ஒரு சொல்லும் பிரெஞ்சு படித்தவரல்ல. ஆனால் பேத்தியை விடப் பல ஆண்டுகள் முன்னாலேயே பிரெஞ்சுச் சொல்லைப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்!

இதைக் கேட்டதும் அந்த மாணவி முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டும்.

இன்னும் சில. 'கொம்பனித்தெரு' என்று நாம் தினமும் சொல்கிறோம். 'கொம்பனி' என்ற சொல்லும் பிரெஞ்சு வழியாக வந்ததுதான். ஒன்றாக இருந்து ரொட்டி உண்பவர்கள் என்பது அதன் அடிப்பொருள். அதில் நடுவில் இருக்கும் 'பனி', ரொட்டிக்கான லத்தீன் சொல். அதே லத்தீன் சொல் போர்த்துக்கேயம் வழியாக வந்து நம் வீட்டில் 'பாண்' ஆனது. காலையில் பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுக் கொம்பனித்தெருவுக்கு வேலைக்குப் போகிறவர் ஒரே சொல்லை இரண்டு உருவத்தில் சந்திக்கிறார்.

சபைக்கு ஆகாத ஓர் உதாரணமும் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய ஆட்கள் 'கக்கூசு' என்பார்கள். இன்றைக்கு அதைச் சொன்னால் பிள்ளைகள் காதைப் பொத்துகிறார்கள். அதுவும் ஒல்லாந்தரின் சொல். இப்போது நாம் மரியாதையாக 'டொய்லட்' என்கிறோம். அது பிரெஞ்சில் சின்னத் துணி என்று பொருள்படும் சொல். ஒப்பனை மேசை மேல் விரித்த துணிக்குச் சொன்னது, ஒப்பனைக்கு ஆகி, ஒப்பனை அறைக்கு ஆகி, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தது. ஒல்லாந்துச் சொல் அசிங்கம், பிரெஞ்சுச் சொல் மரியாதை. இடம் என்னவோ அதே இடம்தான்.

இப்படிப் பார்த்தால் ஒரு விசயம் தெளிவாகத் தெரிகிறது. இன்று பழசு என்று நாம் தள்ளுகிறவற்றில் பல, ஒரு காலத்தில் இந்த ஊருக்குப் புதுசாக, பெஷனாக வந்தவை. கந்தோர் என்று முதலில் சொன்ன கொழும்பு மனிதர் அன்றைய நவநாகரிக மனிதர். 'இவன் பெரிய ஒல்லாந்தன் மாதிரிப் பேசுகிறான்' என்று அவருடைய உம்மம்மா சொல்லியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

சொற்களோடு தொழில்களும் கழிந்திருக்கின்றன. வழக்குப் பேசுகிறவரை நம் பெரியவர்கள் 'அப்புக்காத்து' என்றும், ஆவணங்களையும் வழக்கு வேலைகளையும் பார்ப்பவரைப் 'பிறக்கிராசி' என்றும் சொன்னார்கள். அப்புக்காத்தும் ஒல்லாந்தரின் சொல்லே. இரண்டும் வெவ்வேறு தொழில்கள். 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியது. 1974 முதல் எல்லோரும் 'சட்டத்தரணி'. அதன் பிறகு அந்த இரண்டு சொற்களும் மெல்ல மெல்லப் பழைய ஆட்களின் வாயில் மட்டும் ஒதுங்கின. பாராளுமன்றம் சட்டம் போட்டு இரண்டு சொற்களை ஓய்வுக்கு அனுப்பிய கதை இது.

ஆனால் கண்டியில் பிறந்த ஒரு பிறக்கிராசியை நாம் மறக்க முடியுமா? அறிஞர் சித்தி லெப்பையைச் சொல்கிறோம். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அஸன்பே சரித்திரம்' எழுதினார். இலங்கையின் முதல் தமிழ் நாவல் அது. மருதானையில் 1892இல் உருவாகிப் பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த மத்ரஸாவுக்குப் பின்னால் நின்றவர்களில் அவரும் ஒருவர். ஆங்கிலம் படித்தால் பிள்ளைகள் மார்க்கத்தை விட்டுப் போய்விடுவார்கள் என்று பயந்த காலத்தில், பயப்படாமல் படியுங்கள் என்று சொன்னவர். அதைத் தமிழில் எழுதிச் சொன்னவர். அவருடைய தொழிலின் பெயர் இன்று பாஸே. அவர் செய்த வேலை இன்னும் பாஸே ஆகவில்லை.

ஓர் அப்புக்காத்தின் கதையும் இருக்கிறது. 1905இல் எம். சி. அப்துல் காதர் என்ற முஸ்லிம் அப்புக்காத்து, துருக்கித் தொப்பி அணிந்து உயர் நீதிமன்றத்தில் வழக்குப் பேச முடியாது என்று தடுக்கப்பட்டார். விசயம் நாடு முழுவதும் பரவியது. அந்த ஆண்டின் கடைசியில் மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெரும் கண்டனக் கூட்டம் கூடியது. கடைசியில் தொப்பிக்கு அனுமதி கிடைத்தது. பொரளையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நடந்த கதை. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தத் தொப்பியின் வரலாற்றைப் பாருங்கள். 1829இல் துருக்கியின் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தன் அதிகாரிகள் தலைப்பாகையை விட்டுவிட்டுத் தொப்பி அணிய வேண்டும் என்று கட்டளையிட்டார். காரணம், தலைப்பாகை பழசு, தொப்பி புதுமை. 1925இல் அதே துருக்கியில் முஸ்தபா கமாலின் அரசு தொப்பியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. காரணம், தொப்பி பழசு, ஐரோப்பியத் தொப்பி புதுமை. நூறு வருடத்துக்குள் ஒரே தொப்பி புதுமையின் அடையாளமாகவும் பழமையின் அடையாளமாகவும் ஆகிவிட்டது. துருக்கி அதைக் கழற்றிய பிறகும் கொழும்பில் நம்மவர்கள் பல காலம் கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் அணிந்தார்கள். இப்போது பழைய கல்யாணப் படங்களில் மட்டும் இருக்கிறது. தொப்பி மாறவே இல்லை. பார்த்த கண்கள்தான் மாறின.

நம் பொரளையிலிருந்தே இன்னுமோர் உதாரணம். பொரளைச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற பிள்ளைகளுக்கு, அங்கே ஒரு காலத்தில் ட்ராம் ஓடியது தெரியாது. 1899இல் கொழும்பில் ட்ராம் தொடங்கியது. கோட்டையிலிருந்து மருதானை வழியாகப் பொரளைக்கு ஒரு பாதை, கிராண்ட்பாஸுக்கு இன்னொரு பாதை. 1953இல் டிராலி பஸ் வந்தது. ட்ராம் பழசு என்றானது. 1960இல் கொழும்பின் ட்ராம் முற்றாக நின்றது. சில வருடங்களில், 1964இல், டிராலி பஸ்ஸும் நின்றது. பழசு என்று சொல்லி வந்ததே பழசாகிப் போனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 'பாஸே' என்ற சொல்லைப் பெற்ற பாரிஸ் நகரமும் ட்ராமை அப்படித்தான் ஒதுக்கியது. 1938உடன் அங்கே ட்ராம் முடிந்தது. ஆனால் 1992இல் பாரிஸில் மறுபடியும் ட்ராம் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னாலேயே, 1985இல், நான்ட் நகரம் மீளத் தொடங்கியிருந்தது. வாகன நெரிசலும் புகையும் தாங்க முடியாமல் போனபோது, கைவிட்டதன் பெறுமதி தெரிந்தது. தண்டவாளத்தை மீளப் போடலாம். காசும் திட்டமும் இருந்தால் போதும்.

ஒரு மொழியை அப்படி மீளப் போடுவது அவ்வளவு இலகுவல்ல. நாம் சொல்ல வந்த விசயம் இதுதான்.

நம் கொழும்பு முஸ்லிம் வீடுகளில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் ஆங்கில மொழிமூலமோ சிங்கள மொழிமூலமோ படிக்கிறார்கள். அதில் பிழை சொல்லவில்லை. இந்த நாட்டில் வாழச் சிங்களம் வேண்டும். உலகத்தோடு பேச ஆங்கிலம் வேண்டும். நாமும் அதைத்தான் கற்பிக்கிறோம். சித்தி லெப்பை காலத்தில் ஆங்கிலத்துக்கு வாசல் திறக்க வேண்டியிருந்தது. இப்போது வேறு வாசல் ஒன்று சத்தமில்லாமல் மூடிக்கொண்டிருக்கிறது. பெருநாளன்று உம்மம்மாவின் வீட்டுக்குப் போகிற பிள்ளை ஸலாம் சொல்கிறது. வட்டிலப்பம் சாப்பிடுகிறது. அதற்குப் பிறகு பேச்சில்லை. உம்மம்மா கேட்பது பிள்ளைக்கு அரைவாசிதான் விளங்குகிறது. பிள்ளை சொல்வதை நடுவில் தாய் மொழிபெயர்க்கிறார். ஒரே இரத்தம், ஒரே வீடு, நடுவில் மொழிபெயர்ப்பாளர்!

சொற்கள் கழிவது இயற்கை. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரே தன் நூலின் கடைசி நூற்பாவில், பழையவை விலகுவதையும் புதியவை நுழைவதையும் காலத்தின் இயல்பாக ஏற்றுக்கொள்கிறார். ஆகவே நாளைக்கே எல்லோரும் 'ஒபிஸை' விட்டுவிட்டுக் 'கந்தோர்' என்று சொல்ல வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. 'மாவட்டச் செயலகம்' என்று பெயர்ப்பலகை மாறிய பிறகும் ஊரில் 'கச்சேரி' தப்பிப் பிழைத்திருக்கிறது. எது நிற்கும், எது போகும் என்று மக்களே தீர்மானிக்கிறார்கள்.

ஆனால் ஒரு சொல் கழிவது வேறு. அதைச் சொல்கிற மனிதரைக் கழித்துவிடுவது வேறு. உம்மம்மா இன்னும் இருக்கிறார். அவர் பேசுகிற தமிழில் லாச்சி திறக்கிறது, குசினியில் தாச்சி கொதிக்கிறது, கதிரையில் ஆள் உட்காருகிறார். லாச்சி ஒல்லாந்தரிடம் வந்தது. குசினியும் தாச்சியும் கதிரையும் போர்த்துக்கேயரிடம் வந்தவை. இவற்றோடு அரபும் மலாயும் சேர்ந்த அந்த வாய்மொழி, கொழும்புத் துறைமுகத்துக்கு ஐந்நூறு ஆண்டுகளாக வந்துபோன கப்பல்களின் பதிவேடு. எந்த நூதனசாலையிலும் அதைக் காட்சிக்கு வைக்க முடியாது. பேசுகிறவர் மௌத்தானால் அதுவும் அவரோடு போகும். பெரியவர்கள் முன்னால் முகம் சுளிக்கும் ஒரு சின்னச் சொல்லைக்கூட விரும்பாத மார்க்கம் நம்முடையது. அந்தச் சுளிப்பைப் பிரெஞ்சில் செய்தால் மட்டும் சரியாகிவிடுமா?

வகுப்பில் அந்த மாணவியின் வசனத்தை நாம் வெட்டவில்லை. சரி போட்டோம். அதன் பக்கத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதினோம்: 'உம்மம்மாவிடம் இந்தச் சொல்லை யாரிடம் கேட்டுப் பழகினார் என்று கேட்டாயா?'

அடுத்த கிழமை கொப்பி வந்தது. கேட்டிருக்கிறாள். உம்மம்மாவின் வாப்பா துறைமுகப் பக்கத்தில் ஒரு கந்தோரில் பியோனாக வேலை செய்தாராம். மாதச் சம்பளத்தன்று அவர் திரும்பி வரும்வரை பிள்ளைகள் எல்லோரும் வாசலில் காத்திருப்பார்களாம். 'வாப்பா கந்தோரிலிருந்து வாராங்க' என்று முதலில் சத்தம் போடுகிற பிள்ளைக்கு ஒரு கற்கண்டுத் துண்டு கிடைக்குமாம். ஆகவே அவருக்கு அந்தச் சொல் இனிப்பாம். 'ஒபிஸ்' என்று சொன்னால் அந்த இனிப்பு வராதாம்.

கீழே அவள் ஆங்கிலத்தில் ஒரு வசனம் எழுதியிருந்தாள். அதில் இரண்டு இலக்கணப் பிழைகள் இருந்தன. பிழைகளைத் திருத்திவிட்டு, முழுப் புள்ளியும் கொடுத்தோம். அந்த வசனம் அவளுக்கும் உம்மம்மாவுக்கும் உரியது என்பதால் இங்கே எழுதவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கிழமை உங்கள் வீட்டுப் பெரியவரிடம், இப்போது யாரும் சொல்லாத ஒரு சொல்லைக் கேளுங்கள். அதை யாரிடம் பழகினார், எங்கே கேட்டார் என்றும் கேளுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கிடைத்ததைக் கீழே எழுதினால் சேர்த்து வைத்து, அடுத்த தவணை வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.